ஸ்டிக்கரைக் கிழித்தது யார்?

போன டிசம்பரில் கும்மிடிப்பூண்டியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். பெயின்ட் டப்பாவில் மணலை நிரப்பி, ஒரு கிளையை நட்டுவிட்டால் முடிந்தது. அலங்காரத்துக்குப் பரணிலிருந்து அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே பஞ்சில் சுற்றிய நாலு கண்ணாடிக் குண்டுகள். பச்சை நிறம், நல்ல கனம், தலையில் பித்தளை மூடி.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தையின் பேரன் செல்போனை நோண்டிவிட்டுக் கத்தினான்: "பாட்டி! இது கூகல்! ஜெர்மன் ஆன்ட்டிக்!"

கூகுள் இல்லை, கூகல். ஜெர்மன் மொழியில் உருண்டை என்று அர்த்தம். 19-ம் நூற்றாண்டில் செய்த கனமான கண்ணாடிக் குண்டுகளைச் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அபூர்வ நிறம் கிடைத்தால் டாலரைக் கொட்டுகிறார்கள். வீடே பரபரப்பானது. குண்டுகளைத் தொடக்கூடாது என்று குழந்தைகளுக்குத் தடை உத்தரவு.

பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் உத்தரப்பிரதேசப் பையன் எட்டிப் பார்த்தான். சிப்காட்டில் முறுக்குக் கம்பி ஆலையில் உலை வேலை. ஒரு குண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது எங்க ஊர் வேலை மாதிரி இருக்கு சார். ஃபிரோசாபாத். எங்க சித்தப்பா ஊதுவார்" என்றான் சந்தோஷமாக.

பேரன் முகம் தொங்கிவிட்டது. "ச்சே... டூப்ளிகேட்டா?"

அத்தைக்குக் கோபம். "உங்க தாத்தா பாரிமுனையில வாங்கினதுடா. நான் எப்பவாவது ஜெர்மனின்னு சொன்னேனா?"

அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. இரண்டு நிமிடம் முன்னால் பொக்கிஷம், இப்போது போலி. நடுவில் குண்டில் என்ன மாறியது? ஒன்றுமில்லை. அது தன்னை ஜெர்மன் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

'இந்தியாவிலிருந்து வரும் போலிக் கூகல்கள் ஜாக்கிரதை' என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பல வருடங்களாக எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். படித்தால் ஏதோ ஃபிரோசாபாத்தில் உட்கார்ந்து ஒரு கள்ளநோட்டுக் கும்பல் வேலை பார்ப்பதாகத் தோன்றும். நடந்தது வேறு. பழைய குண்டு மாதிரி வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது அமெரிக்க இறக்குமதி கம்பெனிகள். 'மேட் இன் இண்டியா' ஸ்டிக்கரோடு பகிரங்கமாகத்தான் கப்பலேறியது. அங்கே போனதும் எவனோ ஒருவன் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, 'பாட்டியின் பெட்டியில் கிடைத்தது' என்று விற்றான். கிழித்தவன் வியாபாரி, ஊதியவன் போலியா? எந்த ஊர் நியாயம் இது?

அந்த ஜெர்மன் குண்டின் பூர்வீகத்தையும் பார்த்துவிடுவோம். துரிங்கியா மலைக்காட்டில் லௌஷா என்று ஒரு சிற்றூர். 1597-ல் அங்கே கண்ணாடி உலை வந்தது. 1840-களில் கிறிஸ்துமஸ் குண்டு ஊத ஆரம்பித்தார்கள். மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் வாதுமையும் வாங்க வக்கில்லாத ஓர் ஊதுகாரர்தான் முதலில் கண்ணாடியில் செய்தார் என்று கதை சொல்கிறார்கள். 1867-ல் ஊருக்கு கேஸ் வந்து, சீரான தீ கிடைத்ததும் மெல்லிய குண்டுகள் சாத்தியமாயின. அப்பா ஊதுவார், அம்மாவும் குழந்தைகளும் உள்ளே வெள்ளி பூசி, வர்ணமடித்து, பெட்டியில் அடுக்குவார்கள். சுத்தமான குடிசைத்தொழில்!

1880-ல் அமெரிக்க மலிவு விலைக் கடைக்காரர் உல்வொர்த் தயங்கித் தயங்கி 25 டாலருக்கு வாங்கினார். இரண்டே நாளில் காலி என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, இன்றைய ஆன்ட்டிக், அன்றைக்கு ஐந்து காசு, பத்து காசுக் கடைச் சரக்கு. ஏழைக் குடும்பம் ஊதி, ஏழைக் குடும்பம் வாங்கியது.

இன்னொரு வேடிக்கை. 1890-ல் அமெரிக்கா ஒரு வரிச்சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாடு என்று எழுதியிருக்க வேண்டும். அதனால்தான் 'ஜெர்மனி' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கொஞ்ச காலம் 'அமெரிக்க மண்டல ஜெர்மனி' என்று போட்டார்கள். இன்று அதற்குத் தனி மவுசு. சுங்க அதிகாரிக்காக எழுதிய ஊர்ப்பெயரே சரக்கின் கௌரவமாகிவிட்டது!

நம் ஆட்களுக்கு வாய்த்தது, நகத்தால் சுரண்டினால் போய்விடும் காகிதம்.

2023 டிசம்பரில் ஜெர்மனி, செக், பிரான்ஸ் உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைக் கண்ணாடித் தொழிலை யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். அதே மூச்சு, அதே குழாய், அதே தீ. அங்கே செய்தால் பாரம்பரியம், ஃபிரோசாபாத்தில் செய்தால் டூப்ளிகேட்.

'அங்கே குழந்தைகளை வேலை வாங்கினார்களே' என்று கேட்பீர்கள். வாங்கினார்கள். வெட்கக்கேடுதான், ஒரு குழந்தைகூட உலைப் பக்கம் போகக்கூடாது. ஆனால் லௌஷாவின் குழந்தைகள் வெள்ளி பூசியதை 'குடும்பக் கலை' என்று உருகி எழுதுகிறவர்களுக்கு இதைக் கேட்க உரிமை இல்லை. பெரியவர்களுக்கு ஒழுங்கான கூலி கிடைத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். முகவரியில்லாத சரக்குக்கு ஒழுங்கான கூலியை யார் தருவார்கள்? தரகன் வைத்ததுதான் விலை.

நான் கேட்பது சின்ன விஷயம். ஸ்டிக்கரை விடுங்கள். பித்தளை மூடியிலேயே ஊர்ப்பெயரையும் வருடத்தையும் அச்சாகக் குத்துங்கள். ஏற்றுமதியாளர்களுக்கு இதற்குப் பெரிய செலவில்லை. பிறகு எவனாலும் கிழிக்க முடியாது. நூறு வருடம் கழித்து எவனோ ஒரு சேகரிப்பாளன் பூதக்கண்ணாடி வைத்து 'ஃபிரோசாபாத்' என்று தேடட்டுமே!

நீங்களும் இந்த டிசம்பரில் அலங்காரக் குண்டு வாங்கும்போது 'இது எந்த ஊர் வேலை?' என்று கடைக்காரரைக் கேளுங்கள். தெரியாது என்பார். நாலு பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

அன்றைக்கு அந்தப் பையன் பேரனிடம் கேட்டான்: "போன்ல எங்க ஊரைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தைதான் குண்டை அவன் கையில் கொடுத்து, "நீயே கட்டுப்பா" என்றார். உச்சிக் கிளையில் கட்டினான்.