குழந்தை மருத்துவர்களை உருவாக்குவது யார்? விரட்டுவது யார்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கை நம் விரல் பருமன்தான் இருக்கும். அந்தக் கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவதைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நின்று ஒருவர் காட்டித் தரவேண்டும். நிபுணரிடமிருந்து மருத்துவ அதிகாரிக்கும், அவரிடமிருந்து நேற்று வந்த ஹவுஸ்மேனுக்கும் கைமாறி வரும் வித்தை இது. நடுவில் ஓர் ஆளை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்.

இந்தச் சங்கிலியைத்தான் நம் நாட்டில் 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த முறை என்ற பெயரில் அறுத்துக்கொண்டு வந்தார்கள்!

ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு ஆண்டுகள். அதில் குழந்தைகள் பிரிவுக்குக் கிடைப்பது நான்கே மாதம். அதற்குள் அவர் என்னென்ன கற்றுக்கொள்ளவேண்டும்? பெரியவர்களுக்குப்போல ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு மருந்தையும் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போடவேண்டும். புள்ளி ஓர் இடம் தவறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மஞ்சள் காமாலை எந்த அளவைத் தாண்டினால் மூளையைத் தாக்கும், டிங்கிக் காய்ச்சலில் எவ்வளவு நீர் ஏற்றலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்றெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். நான்கு மாதத்தில் இதன் அரிச்சுவடிதான் தெரியும். முழுமையான குழந்தை நிபுணராவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

அந்தப் பல ஆண்டுகளுக்கு உத்தரவாதம் எங்கே? ஒப்பந்த முறையின் தொடக்க ஆண்டுகளில், சம்பளத்தோடு மேற்படிப்புக்குப் போகும் கூட்டரசு உபகாரச் சம்பளம் ஒப்பந்த மருத்துவர்களுக்குக் கிடையாது. 2021 மே வரை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட 23,077 மருத்துவர்களில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள் 789 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை! கோவிட் வார்டில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள் இவர்கள். 2021 ஜூலை 26-ஆம் நாள் காலை 11 மணிக்குக் கறுப்புடை அணிந்து மருத்துவமனை வாசல்களுக்கு வந்தார்கள். நோயாளிகளைச் சக ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒப்பந்த நீட்டிப்பு, மேற்படிப்பு வாய்ப்பு, கூடுதல் நிரந்தரப் பதவிகள் எல்லாம் படிப்படியாகத்தான் வந்தன. கேட்காமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

"மருத்துவர்கள் அதிகமாகிவிட்டார்கள், என்ன செய்வது?" என்றார்கள். யார் அதிகமாக்கியது? முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது எந்த அரசாங்கம்? 2011-இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட்டபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது. கதவைத் திறந்துவிட்டவன் ஒருவன், வாசலில் நின்று தவிப்பவன் நம் வீட்டுப் பிள்ளையா?

இதில் நம் சமுதாயத்துக்கு என்ன தனிக் கவலை என்று சிலர் கேட்கலாம். ஒப்பந்த முறை எல்லா இனத்தவரையும் வாட்டியது, உண்மைதான். ஆனால் அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. மெட்ரிகுலேஷனில் 90-க்கு 10 என்ற ஒதுக்கீடு. 10ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்ததே 2024-இல்தான். அதுவரை எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்பாவின் ஊழியர் சேமநிதியும் அம்மாவின் தாலிச் சங்கிலியும் தனியார் கல்லூரிக்கும் ரஷ்யாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போயின. கடனோடு திரும்பிய அந்தப் பிள்ளைக்குத்தான் மூன்று, நான்கு ஆண்டு ஒப்பந்தக் கடிதத்தை நீட்டினார்கள்.

நிபுணத்துவப் பயிற்சிக்கும் கதை வேறில்லை. ஒரு வழி, மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், சயின்ஸ் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நான்காண்டு முதுகலைப் படிப்பு. இடங்கள் குறைவு. இன்னொரு வழி, அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி.சி.எச். தேர்வுகளை எழுதுவது. பவுன் கணக்கில் கட்டணம், சொந்தப் பணம், இரவு வேலை முடித்த கையோடு படிப்பு. இந்த இணைப் பாதை நம் பிள்ளைகள் பலருக்கு உயிர்நாடி. 2024-இல் இதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இந்தப் பாதையின் அங்கீகாரமே சிக்கலானது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியைப் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கும் திறந்துவிடலாம் என்ற யோசனை வந்தவுடன் அங்கே மாணவர்கள் கறுப்புடை அணிந்து எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் 1971 மருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்ட பிறகே இணைப் பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும் நோயாளி மருத்துவரின் இனத்தையா கேட்கிறான்?

இனம் பார்த்துத்தான் நிரந்தரப் பதவி கொடுத்தார்கள் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. அளவுகோலைக் காட்டுங்கள் என்கிறோம். மூடி வைத்த கணக்கில் சிறுபான்மையினருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதைத் தீர்க்கவேண்டியது கணக்கை வைத்திருப்பவர்தான்.

மருத்துவர் போனால் இழப்பு யாருக்கு? தலைநகரில் 2019-இல் திறந்த துங்கு அஸிஸா மருத்துவமனை இருக்கிறது. சபாவுக்கு லிக்காஸ் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து வெளியேறிச் சிறுபட்டணத்தின் மலிவுவிலை வீட்டில் வாழும் நம் குடும்பம் போவது மாவட்ட மருத்துவமனைக்கு. ஒரு காலத்தில் தோட்டத்து டிரெஸர்தான் நமக்கு டாக்டர். இன்று டாக்டர் இருக்கிறார். ஆனால் குழந்தைக்கு எப்போதிலிருந்து மூச்சுத் திணறல் என்பதைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் டாக்டர், நாளை சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விமானம் ஏறிவிட்டால்? அவர் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டிய அடுத்த ஹவுஸ்மேனுக்கு யார் கற்றுத் தருவார்?

நமது கோரிக்கைகள்:

1. நிரந்தரப் பதவிக்கும் பயிற்சி இடத்துக்கும் உரிய அளவுகோலை வெளியிடுங்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் தம் மதிப்பெண்ணையும் நிராகரித்த காரணத்தையும் தெரிவியுங்கள்.

2. பயிற்சியில் இருக்கும் குழந்தை மருத்துவரின் ஒப்பந்தம் பயிற்சி முடியுமுன் முடியக்கூடாது.

3. தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளிலும் பயிற்சி கொடுக்கும் நிபுணர்களை நியமியுங்கள்.

4. இணைப் பாதையில் படிப்பவர்களின் தேர்வுக் கட்டணத்துக்கு உதவுங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் டாக்டர் என்று பத்திரிகையில் படம் போட்டுவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். தலைவர்கள் பட்டமளிப்பு விழாவில் மாலை போடுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் உட்காருகிறபோது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த நான்கு கோரிக்கைகளையும் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.

இது சலுகை கேட்கும் பிச்சை அல்ல. நம் பிள்ளைகள் எல்லா இனக் குழந்தைகளின் உயிரையும் காக்கிறார்கள். அவர்களுக்கு நியாயம் கேட்பது நம் உரிமை!