கேஸ் இருக்காமே!

பெண்ணுக்கு வரன் தேடுகிற வீடுகளில் இந்நாளில் பத்துப் பொருத்தம் போதவில்லை. நட்சத்திரம் பார்த்தாயிற்று, உத்தியோகத்தை விசாரித்தாயிற்று, சொந்த வீடா வாடகை வீடா என்பதும் தெரிந்தாயிற்று. அதற்குப் பிறகு பெண்ணின் தகப்பனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு பதினோராவது பொருத்தத்துக்கு வருகிறார்: "பையன் பேரில் கேஸ் கீஸ் ஏதாவது உண்டா?"

கேட்பதில் தவறே இல்லை. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்களும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறவர்களும், கார் ஓட்ட டிரைவர் தேடுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பின்னால் அழுவதைவிட முன்னால் விசாரிப்பது மேல். ஆனால் நாம் யாரிடம் விசாரிக்கிறோம்? எதிர்வீட்டு மாமியிடம், பெட்டிக் கடைக்காரரிடம், கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரிடம். "அந்தப் பிள்ளை மேல் கேஸ் இருக்காமே!" என்று ஒரு பதில் வரும். என்ன கேஸ், எந்தக் கோர்ட்டு, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இருக்கிறது' என்று சொன்னால் சொன்னவர் பொறுப்பு. 'இருக்காம்' என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. தமிழிலே இந்த 'ஆம்' கொஞ்சம் பொல்லாத எழுத்து. எத்தனையோ நிச்சயதார்த்தங்களை அது நிறுத்தியிருக்கிறது.

கோர்ட்டுப் பதிவேட்டில் 'ஆம்' கிடையாது. தேதி உண்டு, எண் உண்டு, முடிவு உண்டு. அதை நாமே பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கோர்ட்டு என்றதும் கறுப்புக் கோட்டும் பழுப்பேறிய காகிதக் கட்டுகளும் கண் முன்னால் வந்து பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். 2013-ல் தொடங்கிய 'இ-கோர்ட்ஸ்' என்னும் அரசாங்க இணையதளத்தில், மாவட்டக் கோர்ட்டுகளில் நடக்கும் வழக்குகளின் நிலவரத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கைப்பேசியிலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம், ஆண்டு, ஆளின் பெயர் இவற்றைக் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். நிலுவையில் இருப்பவை, முடிந்தவை என்று இரு பிரிவு இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு தனி அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். 'சி.என்.ஆர். எண்' என்று அதற்குப் பெயர். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுபடி பெயரைப் போட்டுத் தேடி அலைய வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையை, அதாவது எஃப்.ஐ.ஆரை, 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டு வேலைக்கு வருகிறவர், குடியிருக்க வருகிறவர் ஆகியோரைப் பற்றிச் சரிபார்க்கத் தமிழ்நாடு போலீஸ் இலாகாவிடமே இணையத்தின் மூலம் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. நாமாகத் தேடித் தடுமாறுவதைவிட இது கௌரவமான முறை. சம்பந்தப்பட்டவருக்கும் தெரிந்தே நடக்கும்.

வழி இவ்வளவு சுலபமாகிவிட்டதே, இனி என்ன கவலை என்கிறீர்களா? இனிமேல்தான் கவலை. பார்ப்பது சுலபம், படிப்பதுதான் கஷ்டம்.

முதல் தொல்லை, பெயர். சென்னையில் எத்தனை லட்சுமணன்கள்! இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் 'கே' போடுவார், இன்னொருவர் 'எக்ஸ்' போடுவார். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால் இருக்கும், ஓரிடத்தில் பின்னால் இருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. பெயர் ஒத்துப்போனால் மட்டும் ஆள் ஒத்துப்போய்விட மாட்டார். தகப்பனார் பெயர், வயது, ஊர் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

இரண்டாவது தொல்லை, எண். தெருவிலே ஒரு கைகலப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் அதற்கு ஒரு குற்ற எண் விழும். மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போனதும் 'சி.சி.' என்று இன்னோர் எண். குற்றம் பெரியதாக இருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டியதானால், முதலில் 'பி.ஆர்.சி.' என்று ஓர் எண், பிறகு 'எஸ்.சி.' என்று ஓர் எண். மேல்முறையீடு செய்தால் ஹைகோர்ட்டில் மறுபடியும் ஓர் எண். விஷயம் தெரியாதவர் இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பையன் பேரில் நாலு கேஸ்!" என்று சொல்லிவிடுவார். நடந்தது ஒரே ஒரு சண்டை!

மூன்றாவது தொல்லை எல்லாவற்றிலும் பெரியது: பாதியிலே மூடிவிடுவது.

எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் போய்ச் சொன்ன புகாரின் பதிவு. விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விசாரித்த போலீஸாரே, "இது குற்றமில்லை, தவறாக எண்ணிக் கொடுத்த புகார்" என்று முடித்துவிடலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகலாம். ஹைகோர்ட்டு வழக்கையே ரத்து செய்யலாம். சில வகை வழக்குகளில் இரு தரப்பும் ராஜியாகப் போய்விடலாம். விசாரணை நடந்து விடுதலை கிடைக்கலாம், தண்டனையும் கிடைக்கலாம். தண்டனை மேல்கோர்ட்டில் உடையலாம். இத்தனை கிளையில் எந்தக் கிளையில் போய் முடிந்தது என்று தெரியாமல் "கேஸ் இருக்கிறது" என்று மட்டும் சொல்வது, டாக்டரிடம் போனவரையெல்லாம் நோயாளி என்று சொல்வது போலத்தான். அதிலும் ஒரு சங்கடம் பாருங்கள்: எஃப்.ஐ.ஆர். இணையதளத்தில் வரும், ஆனால் குற்றப்பத்திரிகையை அப்படி எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் சொல்லிவிட்டது. ஆகவே ஊரார் கண்ணில் முதலில் படுவது புகார்தான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லும் ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1944 நவம்பரில் சென்னையில் லக்ஷ்மிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி 'ஆம், ஆம்' என்று எழுதிப் பத்திரிகை விற்றவர் அவர். அந்தக் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி முன்னிலையில் விசாரணை நடந்து, இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலும் தோற்றது.

பதிவேட்டை இந்த இடத்தில் மூடினால், இருவரும் கொலைக் குற்றவாளிகள். ஆனால் ஏடு அதோடு முடியவில்லை. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. மறுபடி பரிசீலிக்கும்படி அங்கிருந்து திரும்பி வந்தது. 1947-ல் சென்னை ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. 1945-ஆம் வருஷத்துக் காகிதமும் உண்மையான கோர்ட்டுக் காகிதம்தான். 1947-ஆம் வருஷத்துக் காகிதமும் உண்மையானதுதான். எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

பாகவதர் சிறையில் இருந்தபோது அவருடைய 'ஹரிதாஸ்' படம் மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டிருந்தது. விடுதலையாகி வந்த பிறகு எடுத்த படங்கள் அப்படி ஓடவில்லை. 1959-ல் அவர் காலமானார். விடுதலைத் தீர்ப்பு ஒரு மனிதரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரும். ஊர் வாயிலிருந்து வெளியே கொண்டுவருமா? அது கோர்ட்டின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

இந்தக் கேள்வி இன்றைக்கும் தீரவில்லை. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பு நகலில் தம் பெயர் இருப்பதால் இணையத்தில் தேடுகிற யாருக்கும் அது தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்று சென்னை ஹைகோர்ட்டில் கேட்டார். 2021-ல் ஒரு நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு எல்லோரும் பார்க்க வேண்டிய பொதுச் சொத்து என்பது ஒரு பக்கம். நிரபராதிக்கு நிம்மதி வேண்டாமா என்பது மறு பக்கம். இரண்டுமே நியாயமாகத்தானே தோன்றுகின்றன?

சில பதிவுகள் நம் கண்ணில் படவே கூடாது என்று சட்டமே வகுத்திருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் செய்த தவற்றை, பெரியவர்களான பிறகு பெரும்பாலும் அவர்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது. பெயரையும் வெளியிடக் கூடாது. அவற்றைத் துருவித் தேடுகிறவர் முன்ஜாக்கிரதைக்காரர் ஆகமாட்டார், வம்பர்தான்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலே வேண்டுமானால், அந்தக் கோர்ட்டில் நகல் மனுப் போட வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதர் கேட்டால் எதற்காக வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டி இந்த விதியைத் தாண்ட முடியாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியிருக்கிறது. பழைய வழக்குகள் எல்லாம் இணையதளத்தில் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வக்கீலின் உதவியோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாம் தேடிப் போகாமலேயே விவரம் நம்மைத் தேடி வருகிறது. தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்புகளின் பலன் இது. தேர்தல் கமிஷன் அவற்றை இணையதளத்தில் போடுகிறது. வழக்குள்ள வேட்பாளர்கள் அதைப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018-ல் உத்தரவாயிற்று. மாப்பிள்ளையை இவ்வளவு விசாரிக்கிற நாம், ஐந்து வருஷத்துக்கு ஊரையே ஒப்படைக்கிற ஆளை விசாரிக்க ஐந்து நிமிஷம் செலவிடுகிறோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேடிப் பார்த்தோம், ஒரு வழக்கும் இல்லை. ஆகவே பையன் தங்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுக்குள்ளே கை நீட்டுகிற எத்தனையோ பேர் மீது எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வரி கிடையாது. அடிபட்டவள் வாயைத் திறக்காதவரையில் பதிவேடும் வாயைத் திறக்காது. அந்த விஷயத்தில் அவன் தாயாரிடம் எப்படிப் பேசுகிறான், வேலைக்காரியை எப்படிக் கூப்பிடுகிறான் என்று பார்ப்பது எந்த இணையதளத்தையும்விட அதிகம் சொல்லும்.

ஆகவே, வாசகிகளே, அடுத்த தடவை யாராவது "கேஸ் இருக்காமே!" என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தக் கோர்ட்டு? என்ன எண்? அதே ஆள்தானா? முடிவு என்ன? நான்குக்கும் பதில் கிடைத்தால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சம்பந்தப்பட்டவரையே கூப்பிட்டு, "இப்படி ஒன்று பார்த்தோம், என்ன விஷயம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையானவர் கடைசித் தீர்ப்பைக் கொண்டுவந்து காட்டுவார். மறைக்கிறவர் கோபித்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு பதில்தான். நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லையென்றால், அந்தப் பேச்சு உங்கள் வீட்டு வாசலோடு நிற்கட்டும். அடுத்த வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டாம்.