அன்னைக்கும் சம்பள வரம்பா?

பெற்றோரைப் பேணுதல் மக்களின் முதற்கடன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதனையே முதற்பாடமாகக் கற்பிக்கிறோம். குடும்பமே சமுதாயத்தின் அடித்தளம் என்று உபதேசிக்கச் சர்க்கார்களும் தவறுவதில்லை. ஆயினும், பிழைப்பை நாடிப் பிறதேசம் சென்ற ஒருவன், "என் தாய் என்னோடு சில காலம் தங்கியிருக்க அனுமதி தாருங்கள்" என்று கேட்டவுடனே, "உன் மாதச் சம்பளம் எவ்வளவு?" என்ற கேள்வியே எதிரில் வந்து நிற்கிறது. இக்கேள்வி கேட்கப்படும் முறை நியாயமானதுதானா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயமாகும்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கு எம்ப்ளாய்மெண்டு பாஸ் பெற்று உழைக்கும் வெளிநாட்டார், தம் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்தம் மாதச் சம்பளம் 12,000 வெள்ளிக்குக் குறையலாகாது. 8,000 வெள்ளியாயிருந்த இவ்வரம்பு 2015 செப்டம்பரில் 10,000 ஆயிற்று. 2018 ஜனவரியில் 12,000 ஆயிற்று. மனைவி மக்களை அழைப்பதற்கு 6,000 வெள்ளி போதும். பாட்டன் பாட்டிமாருக்கோ அப்பட்டியலில் இடமே இல்லை. ஒர்க் பெர்மிட்டில் வந்து, வானளாவிய கட்டடங்களை எழுப்பும் தொழிலாளி எவரையுமே அழைக்க இயலாது. பாஸ் உடையவனது வேலை போயிற்றென்றால், அதனோடு பெற்றோரின் அனுமதியும் போய்விடும்.

2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மெண்டு பாஸ் பெறப் புதிதாக மனுச் செய்வோனுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் இருத்தல் வேண்டும் என்பது விதி. அச்சம்பளம் பெறுபவனைக் கல்வியும் திறமையும் உடையவன் என்று சர்க்காரே முத்திரையிட்டு ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட பின்னர், அவன் தாயைக் காப்பாற்ற வகையற்றவன் என்று எதைக்கொண்டு தீர்மானித்தது? தாய் உண்ணும் ஒருபிடி சோற்றுக்கு இன்னும் 6,400 வெள்ளி வேண்டுமா? 12,000 என்பது சோற்றுக் கணக்கன்று, அந்தஸ்துக் கணக்கு. "உன்னால் தாயைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்பது ஒன்று. "நீ எங்களுக்கு எவ்வளவு வேண்டப்பட்டவன்?" என்று கேட்பது முற்றிலும் வேறு. முன்னது எச்சரிக்கை; பின்னது பேரம்.

இனிக் கனடாவைப் பாருங்கள். 2011 டிசம்பரில் அந்நாடு சூப்பர் விசா என்னும் நீண்டகால வருகை அனுமதியை ஏற்படுத்தியது. பெற்றோருக்கு மட்டுமன்றிப் பாட்டன் பாட்டிமாருக்கும் அது உண்டு. பத்தாண்டு வரை செல்லத்தக்கது. 2022 ஜூலை முதல், ஒருமுறை நுழைந்தவர் ஐந்தாண்டு தங்கலாம். அங்கும் வருமானம் கேட்கிறார்கள். ஆனால், இத்தனை பேர் கொண்ட குடும்பம் உண்டு உடுத்து வாழ எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவே கேட்கிறார்கள். நோய்ச் செலவு பொதுமக்கள் தலையில் விழாதிருக்க, 1,00,000 டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள்.

கனடாவைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. அழைப்பவன் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாலன்றி அவ்விசா கிட்டாது. 2011 நவம்பரில் பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கும் புதிய மனுக்களை நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த மாதமே இவ்விசாவை நீட்டினார்கள். 2020இல் பெயர் பதிந்தவர்களிடையே குலுக்கிப்போட்டே 2025 வரை நிரந்தர வழிக்கு அழைப்பு விடுத்தார்கள். பெற்ற தாயைச் சீட்டுக் குலுக்கி அழைப்பதும் பெருமையன்று. ஆயினும், முதியோரை வரவழைப்பதற்குப் பெருஞ்சம்பளம் அவசியமில்லை என்பதை அந்நாடு நடைமுறையிலே காட்டிவிட்டது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதனையே.

"சிங்கப்பூர் சிறிய தீவு, முதியோர் வந்து குவிந்தால் மருத்துவமனைகள் தாங்குமா?" என்பர் சிலர். ஐயா, 5,600 வெள்ளிக்காரனின் தாய்க்கு மட்டுந்தான் மூட்டுவலி வருமா? 12,000 வெள்ளிக்காரனின் தாய்க்கு வராதா? வருகை அனுமதியில் தங்கும் பெற்றோருக்குப் பிரஜைகளுக்குரிய மருத்துவச் சலுகை இல்லை. அதுவும் போதாதெனில் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குங்கள். உண்மையில் தாயின் துணை யாருக்கு அதிகம் வேண்டும்? பெருஞ்சம்பளக்காரன் பிள்ளைக்கு ஆயாவும் சமையலுக்கு ஆளும் வைத்துக்கொள்வான். குறைந்த சம்பளக்காரன் வீட்டில் பிள்ளை பிறந்தால், தாயைவிட்டால் வேறு கதி ஏது? தேவை உள்ள இடத்தில் கதவைச் சாத்தி, தேவை குறைந்த இடத்தில் திறந்து வைப்பது என்ன நீதி?

தோட்டத்துக் கிராணிக்குச் சிங்கப்பூர் வழக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது, ஈன்றவளைக் கரையிலே விட்டு வந்தவர்கள். 1938இல் தொழிலாளரை உதவிப் பணத்தில் அனுப்புவதை இந்திய சர்க்கார் தடுத்தது. ஜப்பானியர் ஆட்சியில் கடிதப் போக்கும் அற்றது. 1953இல் அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மலாயாவின் வாசலை மேலும் சுருக்கியது. தாயின் முகத்தை மீண்டும் காணாமலே இம்மண்ணில் மடிந்தவர் எத்தனை பேர்! அவ்வேதனையை அனுபவித்த சமூகம், பிறர் அதனை அனுபவிக்கும்போது வாய்மூடி இருக்கலாமா? இன்று நம் தோட்டத்து லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் குடும்பத்தை அழைக்க அனுமதியின்றி இருக்கின்றனர். அவர்கள் பெயரைச் செக்ரோலில் நாள்தோறும் எழுதுகிறேன். ஊரில் தாய் இருக்கிறாளா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

சர்க்காரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்ததும் தாயை வரவழைத்து, அடுப்பங்கரையிலும் தொட்டிலடியிலும் கூலியில்லா வேலைக்காரியாக நிறுத்தி, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் விமானமேற்றி அனுப்பிவிடும் புண்ணியவான்கள் நம்மவரிலும் உண்டு. தாயை வரவழைக்கும் உரிமை அவளை வேலை வாங்கும் உரிமையன்று. அவள் தங்குவதும் திரும்புவதும் அவள் விருப்பப்படியே நடத்தல் வேண்டும்.

ஆகவே நாம் கோருவன இவை. பெற்றோரை அழைக்கும் சம்பள வரம்பு, அவரைக் காப்பாற்றப் போதுமான அளவுக்கு இறக்கப்படல் வேண்டும். பாட்டன் பாட்டிமாருக்கும் இடமளித்தல் வேண்டும். வேலையிழந்தவன் வேறு வேலை தேடிக்கொள்ளும் வரை பெற்றோரின் அனுமதி செல்ல வேண்டும். ஒர்க் பெர்மிட் தொழிலாளியும், தோட்டத்து அயல்நாட்டுத் தொழிலாளியும் ஆண்டுக்கொருமுறை சில வாரங்களேனும் தாய் தந்தையரை அருகில் வைத்துப் பார்க்க வழி செய்தல் வேண்டும்.

தோழர்களே! பொங்கல் விழாவில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நம் சங்கங்களின் கடமை தீர்ந்துவிடவில்லை. தொழிற்சங்கங்களும் தமிழர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, இரு நாட்டு அமைச்சர்களுக்கும் அனுப்புக. பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் அனுப்புக.