தகப்பன் பெயர் இல்லாத பத்திரம்

எங்கள் குடும்பத்துக்கு வம்சாவளி ஒன்று அச்சாகப் போகிறது. பாரீசுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் சித்தப்பா மகன்தான் முன்னின்று செய்கிறான். போன மாதம் போனில் கேட்டான். "அண்ணே, தாத்தாவுக்கு அப்பா பேரு என்ன போடறது? அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கு. பாக்க நல்லா இல்லே."

காலியாகவே விடு என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. புதுச்சேரிக்காரர்கள் பல பேர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இதே போன்ற காகிதம் இருக்கும்.

எங்களிடம் இருப்பவை மூன்று காகிதங்கள். முதலாவது தாத்தாவின் பிறப்புப் பத்திர நகல், 1890-களில் எழுதப்பட்டது. மருத்துவச்சி மேரிக்குப் போய், இன்னாள் வயிற்றில் ஆண் பிள்ளை பிறந்தது என்று இரண்டு சாட்சிகளோடு சொல்லியிருக்கிறாள். அம்மா பெயர், வயது, குடியிருந்த தெரு எல்லாம் இருக்கின்றன. தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பேர் நோன் தெனொம்மே' என்று இருக்கிறது.

இரண்டாவது, தாத்தாவின் திருமணப் பத்திரம். அதிலும் தகப்பன் இல்லை. மாப்பிள்ளையின் தாயார் நேரில் வந்து சம்மதம் சொன்னார், கையெழுத்துப் போடத் தெரியாது என்று தெரிவித்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது, பிற்காலத்தில் தாத்தா மனை வாங்கியபோது நோத்தேர் எழுதிய கிரயப் பத்திரம். அதில் மட்டும் திடீரென்று 'காலஞ்சென்ற இன்னாரின் குமாரன்' என்று ஒரு பெயர் முளைத்திருக்கிறது. தம்பி பிடித்துக்கொண்டது இந்தப் பெயரைத்தான். "எழுத்துல இருக்குதே அண்ணே" என்றான்.

எழுத்தில் இருக்கிறது, சரி. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் பதிவேடுகளில் எழுதியவன் நான். எதிரே நிற்கிறவர் சொன்னதைத்தான் குமாஸ்தா எழுதுகிறான். நடந்ததை அவன் பார்த்ததில்லை. அதனால் ஒரு காகிதத்தை மட்டும் நம்பாமல், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். திருமணப் பத்திரத்தின் சாட்சிகளில் ஒருவர் 'மாப்பிள்ளையின் தாய்மாமன்'. அவருடைய பெயரும் தொழிலும் கிரயப் பத்திரத்தில் 'தகப்பன்' என்று வந்தவரின் பெயரும் தொழிலும் ஒன்றே. வளர்த்த மாமனைத்தான் தாத்தா அப்பா என்று எழுத வைத்திருக்கிறார். பாசமோ, நோத்தேர் முன்னால் 'இல்லை' என்று சொல்லக் கூச்சமோ, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை வம்சாவளியில் ஏற்றினால் என்ன ஆகும்? கூடப் பிறந்த அண்ணனையும் தங்கையையும் புருஷன் பெண்டாட்டி ஆக்கிவிடுவோம். காலிக் கட்டத்தை விட இது நன்றாக இருக்குமா?

குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. தகப்பன் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை என்று. அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கொச்சின்சீனாவுக்கு உத்தியோகம் தேடிப் போனது உண்மைதான். அதனாலேயே இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு கடுதாசி இல்லை, மணியார்டர் ரசீது இல்லை. கதையைக் கதையாக எழுதலாம், கட்டத்துக்குள் எழுதக் கூடாது.

'பேர் நோன் தெனொம்மே' என்பதற்குத் 'தகப்பன் பெயர் சொல்லப்படவில்லை' என்று அர்த்தம். தகப்பன் யாரென்று தெரியாது என்பது வேறு. பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த வித்தியாசம் தெரியும். பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவில்லை. 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஆணைக்குப் பிறகு ரெனோன்சாந்தாக மாறிய குடும்பங்களைப் பிரெஞ்சு சிவில் சட்டம் கட்டியது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பந்தல் போட்டுத் தாலி கட்டி ஊருக்கே சாப்பாடு போட்டிருந்தாலும், மேரியில் பதியாவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லை. பிறக்கும் பிள்ளை 'இயற்கைப் பிள்ளை' ஆகிவிடும். தகப்பன் நேரில் போய் என் பிள்ளைதான் என்று ஒப்புக்கொண்டு எழுதினால் பெயர் ஏறும். அவர் வராவிட்டால், பெண்ணால் அவரை வழக்குமன்றத்துக்கு இழுக்கவும் முடியாது. தகப்பன் யாரென்று தேடுவதையே 1804-ம் வருஷத்து நெப்போலியன் சட்டம் தடுத்து வைத்திருந்தது. பிரான்சில் அந்தத் தடை ஓரளவு தளர்ந்ததே 1912-ல்தான்.

ஆகவே அந்தக் காலி இடத்தைப் பார்த்து அந்தப் பெண்ணின் நடத்தையைப் பேசுவது தப்பு. வராதவர் அவர். வந்தவள் அவள். இருந்தும் இத்தனை வருஷமாக வெட்கப்பட்டது அவள் வழி வந்த நாம்.

தம்பி கடைசியாக, எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்றான். வம்சம் தேடுவதற்காகத் தனியார் சோதனை செய்துகொள்வது அவன் இருக்கும் பிரான்சில் இன்றைக்கும் சட்ட விரோதம். 3,750 யூரோ வரை அபராதம் உண்டு என்றேன். சிரித்துவிட்டான்.

தாத்தாவின் பிள்ளைகளில் இன்று உயிரோடு இருப்பது அத்தை ஒருவர்தான். தொண்ணூறை நெருங்குகிறார். இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனபோது, "ஏன்டா செத்தவங்களத் தோண்டுற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒன்றும் பேசாமல் பிறப்புப் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் அத்தை, "எங்க ஆயா பேரை இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். கையெழுத்துப் போடத் தெரியாத ஆயாவின் பெயரை எழுத்தில் இருந்து யாரும் வாசித்துத் தான் கேட்டதே இல்லை என்றார்.

தம்பிக்கு அன்று இரவே போன் செய்தேன். மரத்தின் உச்சியில் ஆயா பெயரைப் பெரிய எழுத்தில் போடு. பக்கத்துக் கட்டத்தில் பத்திரத்தில் உள்ளபடியே 'பெயர் சொல்லப்படவில்லை' என்று போடு. தாய்மாமன் பெயருக்குக் கீழே 'வளர்த்தவர்' என்று எழுது. இந்த மூன்றுக்கும் நம்மிடம் ஆதாரம் இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அத்தை இருக்கும்போதே அச்சாக வேண்டும் என்பதுதான் என் கவலை.