வளாகங்களில் சிறுபான்மையினராகும் மாணவர்கள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியானதும், தாம் முன்னர் கண்டிராத மாவட்டம் ஒன்றுக்குப் பெட்டி படுக்கைகளுடன் புறப்படும் மாணவர்கள் இந்நாட்டில் பலர். மாத்தறையிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு வருபவரோ, பருத்தித்துறையிலிருந்து ருகுணு பல்கலைக்கழகத்திற்குச் செல்பவரோ அரசியல் நோக்கத்துடன் செல்வதில்லை. இசட் புள்ளியும் விண்ணப்பத்தில் குறித்த விருப்ப ஒழுங்குமே அவர்களை அங்கு அனுப்பி வைக்கின்றன. இந்தச் சாதாரண உண்மையை இரு தரப்பினருமே அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் 2016 ஜூலை 16 ஆம் திகதி அது மறக்கப்பட்டது. புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தையும் சேர்த்துக்கொள்வது தொடர்பில் எழுந்த முரண்பாடு கைகலப்பாகவும் கல்வீச்சாகவும் மாறியது. மாணவர்கள் காயமடைந்தனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. சிங்கள மாணவர்கள் தெற்கிலுள்ள தமது வீடுகளுக்குத் திரும்பினர். இனவாதம் பேசிப் பிழைப்போருக்கு அது வாராது வந்த வாய்ப்பாயிற்று.

நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் மரபில் மாற்றம் எதற்கு என்று அன்று தமிழர் தரப்பிலிருந்து கேட்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் காணிகளில் இராணுவ முகாம்கள் இருக்க, பண்பாட்டையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எமது மக்களிடையே இருந்ததை நாம் மறுக்கவில்லை. அது நியாயமான அச்சம். எனினும், அந்த அச்சத்திற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருந்தார்களேயன்றி, விஞ்ஞான பீடத்தின் முதலாம் வருட விரிவுரை மண்டபத்தில் இருக்கவில்லை.

1983 மே மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கறுப்பு ஜூலைக்கு இரண்டு மாதங்கள் முன்னர் நிகழ்ந்தது அது. படிக்கச் சென்ற இடத்திலிருந்து உயிருக்கு அஞ்சிப் பஸ் ஏறுவது எத்தகையது என்பதை எமது சமூகத்திற்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரு சம்பவங்களும் ஒரே அளவினவல்ல என்பது உண்மையே. ஆனால், வீடு திரும்பிய பிள்ளையைக் கண்ட தாயிடம் அந்த வேறுபாட்டை விளக்கிக் கொண்டிருக்க முடியாது.

இத்தகைய மோதல்களுக்குப் பின்னர் நல்லிணக்க விழாக்கள் நடத்தப்படுவது வழமை. குத்துவிளக்கேற்றி, எமது பத்திரிகைகளுக்கும் புகைப்படங்கள் அனுப்பி வைக்கப்படும். அவற்றால் கெடுதி எதுவுமில்லை. மாணவருக்குத் தேவைப்படுவதோ வேறு. நள்ளிரவில் காய்ச்சல் கண்ட மாணவி தன் நோவைத் தாய்மொழியில் சொல்லக்கூடிய விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். இருமொழியும் அறிந்த மாணவர் ஆலோசகர் வேண்டும். அறிவித்தல்கள் மும்மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். விழாக்களின் நிகழ்ச்சி நிரல், எல்லா இன மாணவரும் அமரும் குழுவொன்றில் வாரங்களுக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். மேள ஊர்வலம் புறப்படும் வேளையில் பேசித் தீர்க்கக்கூடிய விடயமல்ல அது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். விஞ்ஞான பீடத்தில் போதனை ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. உயர்தரத்தைச் சிங்களத்தில் கற்றவரும் தமிழில் கற்றவரும் அங்கு ஒரே திணறலுடன்தான் குறிப்பெடுக்கின்றனர். ஆரம்ப ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளை இனம் கலந்த சிறு குழுக்களாக அமைத்தாலே பல நட்புகள் தாமாக அரும்பும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

தமிழும் அரசகரும மொழி என்பது 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துடன் அரசியலமைப்பில் இடம்பெற்றது. அதனை முன்வைத்து, தெற்கின் வளாகங்களில் எமது பிள்ளைகளுக்குத் தமிழில் கடிதமும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும் என நாம் தொடர்ந்து கோருகின்றோம். யாழ்ப்பாணத்தில் சிங்கள மாணவருக்கு அதே வசதியைச் செய்து கொடுத்துவிட்டு அக்கோரிக்கையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முன் வைப்போமானால், அதனைத் தட்டிக்கழிப்பது ஆணைக்குழுவுக்கு இலகுவாக இராது.