ரவுட்டர் எண்ணட்டும், வேவு பார்க்க வேண்டாம்

மாசக் கடைசி வந்தால் எங்கட வீடுகளில ஒரு விசாரணைக் கமிஷன் கூடுது. டேட்டா முடிஞ்சுது, ஆர் முடிச்சது? சாட்சி இல்லை, கணக்கு இல்லை, ஆனா தீர்ப்பு முதலே தயார்: "நாள் முழுக்க போனும் கையுமா இருக்கிறவள்தானே." உடனே வைஃபை பாஸ்வேர்ட் மாறும். அதோட அவளின்ர ஒன்லைன் ரியூசனும் நிக்கும்.

இந்தத் தீர்ப்பு பிழை எண்டு காட்ட சாதாரணக் கணக்கே போதும். எச்டி தரத்தில படம் ஓடினால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், 4கே எண்டால் 7 ஜிபி வரை போகும் எண்டு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. ஹோலில இருக்கிற ஸ்மார்ட் ரீவி எச்டியில தினமும் ரெண்டு மணித்தியாலம் ஓடினால், மாசத்துக்கு 180 ஜிபி வரை வரும். வாட்ஸ்அப்பில எழுத்தால கதைக்கிற பிள்ளை மாசம் முழுக்கத் தட்டினாலும் அந்த ரீவியின்ர ஒரு மணித்தியாலக் கணக்கைத் தொடாது. ஆனா ரீவியை ஆரும் விசாரிக்கிறதில்லை. ரிமோட் அப்பாவின்ர கையில.

ஆரும் தொடாமலே டேட்டா தின்னுற ஆக்களும் வீட்டில இருக்கினம். விண்டோஸ் அப்டேட் தன்ர பாட்டில இறங்கும். பேக்கப் போட்டு வைச்ச போனில இருக்கிற கலியாண வீட்டு வீடியோ எல்லாம், வைஃபை கிடைச்ச உடன கூகுள் போட்டோஸுக்கு ஏறும். யூடியூப் ஒரு வீடியோ முடிய அடுத்ததைத் தானே ஓட்டும், பார்க்கிற ஆள் நித்திரையாப் போனாலும்.

ஆகவே அளக்கத்தான் வேணும். இணைப்புத் தாற நிறுவனத்தின்ர ஆப் மொத்தத்தில எவ்வளவு போச்சுது எண்டு காட்டும், வீட்டில எந்தச் சாதனம் எண்டு காட்டாது. சில ரவுட்டர்களின்ர செட்டிங் பக்கத்தில ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கணக்கு இருக்கும். இல்லாட்டி அன்ட்ரொய்ட் போனிலயும் விண்டோஸிலயும் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது எண்டு செட்டிங்கிலேயே பார்க்கலாம். மாசத்தில ஒருநாள் எல்லாரும் சேர்ந்திருந்து பார்த்தால் கால்மணித்தியால வேலை.

இங்கதான் ஆபத்தும் இருக்குது. சில ரவுட்டர்கள் எந்தச் சாதனம் எந்தத் தளத்துக்குப் போனது எண்டும் பதிஞ்சு வைக்கும். பக்கத்துக்குள்ள என்ன வாசிச்சது எண்டு பெரும்பாலும் தெரியாது, ஆனா தளத்தின்ர பேர் தெரியும். டேட்டா பார்க்கவெண்டு உள்ள போற அண்ணா, இரவு பதினொரு மணிக்குத் தங்கச்சி எங்க போனவள் எண்டு வாசிக்கத் தொடங்குவார். அதால ஒரு ஜிபியும் மிஞ்சாது. அதுக்குப் பேர் வேவு.

இலங்கையில 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்குது. ஆனா வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளுற தரவுக்கு அது பொருந்தாது. சட்டம் படலைக்கு வெளியில நிக்குது. உள்ளுக்கு என்ன நீதி எண்டதை நாங்கள்தான் தீர்மானிக்க வேணும்.

"அப்ப பிள்ளையளைக் காப்பாத்த வேண்டாமோ?" எண்டு கேப்பினம். சின்னப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு வேணும் எண்டால், அதுக்குச் சொல்லிப்போட்டு வெளிப்படையாச் செய்யுங்கோ. டேட்டா மிச்சம் பிடிக்கிறன் எண்ட சாட்டில பதினெட்டு வயசு தாண்டினவளின்ர போனுக்குப் பின்னால திரியாதேங்கோ.

வீட்டுக்கு மூண்டு விதி போதும். ரீவி உட்பட எல்லாச் சாதனத்தின்ர கணக்கும் எல்லாருக்கும் தெரியவேணும். ஜிபி மட்டும் பார்க்கவேணும், தளப் பேர் பதியிற வசதியை நிப்பாட்டவேணும். ரவுட்டர் பாஸ்வேர்ட் ஒரு ஆம்பிளையின்ர தனிச் சொத்தா இருக்கக்கூடாது.

அடுத்த மாசம் டேட்டா முடிஞ்சால், "ஆர்?" எண்டு கேக்க முதல் "எது, எத்தினை ஜிபி?" எண்டு கேளுங்கோ. விடை வரும்வரைக்கும் பாஸ்வேர்டில கை வைக்காதேங்கோ.