மகன் கேட்ட மட்டக்குதிரை

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலே திமிலோகப்படும்போது, என் எட்டு வயது மகன் தனியே ஒரு தபசு இருந்தான். "யம்மா, எனக்கு மட்டக்குதிரை வேணும்!" அதே ஆடியில்தான் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் குதிரைச் சந்தை. இவுகளும் மகன் கட்சி. கிளம்பினோம்.

வெள்ளையாய் ஒரு குட்டி, ஒன்றரை வயசு. "பையனும் குட்டியும் சேர்ந்தே வளரட்டும் தாயி" என்றார் வியாபாரி. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பழகாத பிள்ளைக்குப் பழகாத குட்டியா? குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்து வாய் நிறையவே ஐந்து வயதாகும். பிள்ளைகளுக்கென்றால் பத்து வயது தாண்டிய, சாதுவான குதிரைதான் சரி. சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நான் காலைப் பார்த்தேன்.

அடுத்ததாக ஒரு செவலை. "முதலில் நீங்க ஏறி ஓட்டிக் காட்டுங்கண்ணே" என்றேன். நன்றாகவே நடந்தது. நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். பின்னங்காலைத் தொட்டதும் விட்டதே ஓர் உதை! மகனின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

வெறுங்கையோடு திரும்பினோம். இப்போது ஞாயிறுதோறும் தெரிந்தவர் வீட்டுக் கிழட்டுக் குதிரைக்குப் புல் போடப் போகிறான். லத்தி கிடக்கும் மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்குமே! அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.